பையும் ஒரு பொருள்

போன ஞாயிற்றுக்கிழமை வாஷியில் எங்கள் வீட்டு ஹாலில் ஆறு பேர் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். என் பெண்ணும் அவளுடைய சிநேகிதர்களும். ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு லேப்டாப் என்று இருக்கிற பிள்ளைகள்தான். ஆனால் மாதம் ஒருமுறை சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தன் கதை சொல்ல, மற்றவர்கள் கத்திவீரனாகவும் மந்திரவாதியாகவும் மாறி, இல்லாத குகைக்குள் இல்லாத பூதத்தைத் தேடிப் போவார்கள். அடித்தது பட்டதா, விழுந்தவன் பிழைத்தானா என்பதைப் பகடை சொல்லும். பகடை சொன்னதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உடனே சண்டை.

அன்றைக்குச் சண்டை, ஒருத்தர் எத்தனை மந்திரப் பொருள் வைத்துக்கொள்ளலாம் என்பதில். பழைய விதிப் புத்தகம் ஒன்று சொல்கிறதாம், புதுப் புத்தகம் வேறொன்று சொல்கிறதாம். நான் காபித் தட்டோடு நுழைந்த நேரம், தாடி வைத்த மராத்திப் பையன் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, ஆப் ஹீ போலோ" என்றான். என் பெண் தமிழில் கேட்டாள். "பையில இருக்கறது மட்டும் கணக்கா, இல்ல பையையும் சேர்த்துக் கணக்காம்மா? நீயே சொல்லு."

தட்டை வைத்தேன். எனக்குத் தெரியாது என்றேன். அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். தெரியாமல் என்ன? அந்தக் கேள்விக்கு ஒரு தடவை தீர்ப்பே சொல்லியிருக்கிறேன். அதை இன்றுவரை என் பெண்ணிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் அடுக்களை ஜன்னல் கழிமுகத்தைப் பார்த்து இருக்கிறது. நீர் வற்றும் வேளையில் சேற்று வாடை உள்ளே வரும். வந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காபிப்பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்துகொள்வேன். ஒரு வாடையை இன்னொரு வாடையால் விரட்டுகிற வைத்தியம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஆனால் காபிப்பொடி டப்பா என்னை நேரே கொண்டுபோய்விடுகிற இடமும் அந்தச் சேறுதான்.

எண்பதுகளில் நாங்கள் மாட்டுங்காவில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு அடுக்களை, தெருவைப் பார்த்த சின்ன பால்கனி. அண்ணா சுந்து என்னைவிட மூன்று வயது பெரியவன்; கோட்டைப் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸில் கிளார்க். நான் செம்பூரைத் தாண்டி ஒரு கம்பெனியில் ட்ரேசர். இன்ஜினியர் பென்சிலில் போட்டதை ட்ரேசிங் தாளில் மசியால் இழுப்பது என் வேலை. கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா பிள்ளை ஒரு லீவுக்கு வந்தபோது, ஓரம் கிழிந்த ஒரு அட்டைப்பெட்டியை எங்கள் வீட்டில் விட்டுப் போனான். "கப்பல்ல எல்லாரும் இதான் ஆடறா. எனக்குப் பொறுமை இல்லே" என்றான். உள்ளே ஒரு ஒல்லிப் புத்தகமும் விசித்திரமான பகடைகளும் இருந்தன. அவற்றில் இருபது முகம் உள்ள பகடை முதல் வாரமே பால்கனியிலிருந்து உருண்டு சாக்கடைக்குப் போய்விட்டது. அண்ணா அசரவில்லை. ஹவுஸி ஆட்டத்தின் எண் போட்ட வில்லைகளில் ஒன்று முதல் இருபது வரை எடுத்து, காலியான காபிப்பொடி டப்பாவில் போட்டுக் குலுக்கினான். எங்கள் தலைவிதி அத்தனையும் அதற்கப்புறம் காபி வாசனையோடுதான் வந்தது.

ஆட நாலு பேர். கதை சொல்கிறவன் அண்ணா. ஆடுகிறவர்கள் நான், காதர், செல்வராஜ். காதர் வடாலா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அண்ணாவுக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தவன். மேலப்பாளையத்துக் குடும்பம், தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை. செல்வராஜ் அவனுடைய அடுத்த சந்துக்காரன், ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்தான். செல்வராஜுக்கு ஆட்டமே புரியாது. "எனக்கு யாரை வெட்டணும்னு மட்டும் சொல்லுங்கலே" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து பஜ்ஜியைக் காலி பண்ணுவான். வரைபடம் எல்லாம் என் பொறுப்பு. ஆபீஸில் மிஞ்சின ட்ரேசிங் தாளில் கட்டம் போட்டு, ஒரு கட்டம் பத்து அடி என்று கணக்கு வைத்து, குகை, சுரங்கம், கோட்டை எல்லாம் இழுப்பேன். கம்பெனிக்கு வரைந்ததைவிட அழகாக இருக்கும். மேனேஜர் பார்த்திருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்.

அண்ணாவிடம் ஒரு வியாதி உண்டு. விதி பிடிக்கவில்லை என்றால் திருத்தம் கொண்டுவருவான். அதுவும் எப்படி? ஆபீஸ் டைப்ரைட்டரில், கார்பன் வைத்து, நாலு காப்பி. மேலே சுற்றறிக்கை எண், கீழே கையெழுத்து. படித்ததற்கு அடையாளமாக நாங்களும் கையெழுத்துப் போட வேண்டும். "மேற்படி பொருள் தொடர்பாக" என்று ஆரம்பித்து, பூதத்துக்கு எத்தனை பல் என்பதில் முடியும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். பதினான்காவது சுற்றறிக்கைக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

அதில் ஒரே வரிதான். இனி ஒருவர் மூன்று மந்திரப் பொருளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

இடி நேரே காதர் தலையில் இறங்கியது. அவனுடைய வீரனிடம் ஏழு இருந்தன. மறைந்துபோகும் போர்வை, அணையாத விளக்கு, தாகம் தீர்க்கும் குடுவை, இடி இறக்கும் சுத்தி, அம்பு துளைக்காத கேடயம், மின்னல் அடிக்கும் கோல், தானே மேலே ஏறும் கயிறு. கயிறு, முதல் நாள் ஆட்டத்தில் அண்ணாவே அவனுக்குக் கொடுத்தது. இந்த ஏழுக்காகவும் காதர் பட்டறையில் உட்கார்ந்து நிஜமாகவே ஒரு தோல் பை தைத்திருந்தான். ஏழு அறை, ஒவ்வொன்றுக்கும் தனி மூடி, முதுகில் மாட்ட அகலமான வார். ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிக்கொண்டுதான் எங்கள் மாடிப்படி ஏறுவான். என் மந்திரவாதினியிடம் இருந்ததோ ஒரு மோதிரமும் ஒரு ஜோடி பூட்ஸும். பொறாமை இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்.

"எலே சுந்தா, என்னலே இது? பை தைக்கத் தெரியாதவன் போட்ட சட்டம்லா இது" என்று காதர் தாளைத் தூக்கிப் போட்டான்.

"ஏழு சாமானைத் தூக்கிண்டு ஒருத்தன் சதுப்பு நிலத்துல நடக்க முடியுமாடா? மூழ்கிப் போயிடுவான்."

"எடையை முதுகுல பரத்தி விட்டா ஏன் முழுகுதான்? வார் சரியா இருந்தா ஏழு என்ன, பத்து தூக்கலாம்."

அண்ணா சுருதி இறங்கி ஒன்று சொன்னான். சொன்னபோது அது எனக்கு நியாயமாகவே பட்டது. "எதுக்கும் ஒரு சாமான் வெச்சிருக்கே நீ. பயமே இல்லேன்னா அது என்ன ஆட்டம்? இவன் செத்துப் போயிடுவானோன்னு எனக்கு ஒரு தடவையாவது தோணணும்டா."

மூன்று ஞாயிறு இந்தச் சண்டையிலேயே போயிற்று. செல்வராஜ் யார் டீ வாங்கித் தந்தார்களோ அவர்கள் கட்சி. கடைசியில் காதர்தான், நடந்தே காட்டுகிறேன் என்றான். ஏழு நிஜச் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு நிஜச் சேற்றில் போய்த் திரும்பினால், பதினான்காம் சுற்றறிக்கை வாபஸ். எங்கே சேறு என்று யோசித்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான் சொன்னேன். எங்கள் கம்பெனி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தேவ்நாருக்கு அப்பால் கழிமுகம் தெரியும். நீர் வற்றினால் சேறு. நடுவில் ஒரு பழைய படகின் எலும்புக்கூடு. கரையிலிருந்து முந்நூறு அடி இருக்கும். அன்று சாயங்காலமே ட்ரேசிங் தாளில் முப்பது கட்டம் இழுத்து, முப்பதாவதில் படகைப் போட்டேன். ஜன்னலிலிருந்து அந்தச் சேறு தரை மாதிரி சமமாகத்தான் தெரிந்தது.

"இந்த வயசுல சேத்துல விளையாடப் போறதுகளாம்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே எலுமிச்சஞ்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியிருந்த ஒரு மத்தியானம். நீர் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று அண்ணா பேப்பரில் பார்த்து எழுதி வைத்திருந்தான். நேரம் தாராளமாக இருந்தது. செல்வராஜ் வந்த ஹார்பர் லைன் ரயில் தாமதம். அதில் கொஞ்சம் போயிற்று. கரையில் பையைத் திறந்து சாமானை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். போர்வைக்குக் கம்பளி, விளக்குக்கு டார்ச், குடுவைக்குத் தெர்மாஸ், இடிக்குச் சுத்தியல், கேடயத்துக்குத் தோல் வெட்டுகிற பலகை, கோலுக்குக் குடை, கயிற்றுக்குக் கயிறு. பட்டறையில் தோல் கட்டைக் கட்டுகிற நல்ல முறுக்குக் கயிறு. நாற்பது அடி என்று காதர் சொன்னான். நான் எழுதிக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணாவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "பையையும் சேர்த்தா எட்டு ஆச்சே."

"பை எப்படிலே பொருளாகும்? அது பை."

"உன் வீரன்கிட்ட இருக்கறது எடை தெரியாத பை. அதுவும் மந்திரந்தானே? அப்போ அது ஒரு பொருள்."

சிரிக்காதீர்கள். வயது வந்த நாலு பேர், உத்தியோகத்தில் இருக்கிறவர்கள், கொளுத்தும் வெயிலில் கழிமுகக் கரையில் நின்று, பை பொருளா இல்லையா என்று முக்கால் மணி நேரம் வாதாடினோம். புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கம் பக்கமாகப் புரட்டினான் அண்ணா. எங்கள் முதுகுக்குப் பின்னால், படகைத் தாண்டி, தண்ணீர் திரும்பிவிட்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செல்வராஜ் மட்டும், "ஏ, வீட்டுக்குப் போவமா? எனக்கு என்னமோ நல்லாப் படல" என்றான். பசி வந்துவிட்டது என்று கேலி பண்ணினோம்.

"தங்கச்சி சொல்லட்டும். அவ சொன்னா நான் கட்டுப்படுதேன்" என்றான் காதர்.

அண்ணாவும் தலையாட்டினான். மூன்று ஆண்பிள்ளைகள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆபீஸில் ஒரு கோட்டைத் தடிமனாக இழுக்கலாமா என்று கேட்கக்கூட எனக்கு உரிமை கிடையாது. அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது. அண்ணா ஜெயிக்க வேண்டும் என்றும் இருந்தது. என் மோதிரமும் பூட்ஸும் ஞாபகத்துக்கு வந்தன. "பையும் ஒரு பொருள்தான். ஒண்ணை எடுத்துடுங்கோ" என்றேன்.

காதர் சண்டை போடவில்லை. சாமான்களை ஒரு தடவை பார்த்தான். கயிற்றை எடுத்து என் காலடியில் போட்டான். "இங்க ஏறதுக்கு என்ன இருக்கு? இது வேண்டாம்" என்றான். பையை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கணுக்கால், முழங்கால், ஆனாலும் நடந்தான். நான் தாளில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்தேன். பத்து. பதினைந்து. "சுந்தா, சுற்றறிக்கையைக் கிழிலே" என்று திரும்பிக் கத்தினான். இருபதாவது கட்டத்தில் நின்றான். ஒரு காலை இழுத்தால் மறுகால் இறங்கியது. தொடை வரை போனதும் அவன் குரல் மாறிவிட்டது. அப்போதுதான் பார்த்தேன். தண்ணீர் எதிரிலிருந்து வரவில்லை. பக்கத்து வாய்க்கால்கள் வழியாக அவனுக்கும் எங்களுக்கும் நடுவில் சத்தமில்லாமல் பரவிக்கொண்டிருந்தது.

அண்ணா வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தான். செருப்பை விட்டான். வெறுங்கையோடு இறங்கினான். சரசரவென்று போனான், சுமை இல்லையே. பதினேழாவது கட்டத்தில் இடுப்பு வரை ஒரே இறக்கமாக இறங்கினான். ஜன்னலில் தெரியாத பள்ளம் அங்கே இருந்தது.

அவன் சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான். "ஏய், ஒரு வில்லை எடுடி. பொழைக்கறேனா பாப்போம்" என்றான். எடுத்தேன். புத்தகத்தோடு கொண்டுவந்திருந்த காபிப்பொடி டப்பாவைக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். "பத்தொம்போது!" என்று கத்தினேன், அவ்வளவு சந்தோஷமாக. அவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். எங்கள் விதிப்படி பத்தொன்பது வந்தவன் எதிலிருந்தும் தப்பிவிடுவான்.

"தங்கச்சி, கயிறு! கயிறு!" என்று காதர் கத்தினான். கயிறு என் காலடியில் இருந்தது. வீசினேன். நாலைந்து கட்டம் போய் விழுந்தது. இழுத்து மறுபடி வீசினேன். நானும் இறங்கினேன், ஒரு கால் இறங்கினதும் பயம் வந்து கரையைப் பிடித்துக்கொண்டேன். செல்வராஜ் அதற்குள் கோலிவாடா மீனவர் குப்பத்துப் பக்கம் ஓடிவிட்டான். சேற்றில் பலகையைச் சறுக்கிக்கொண்டு போகிற மீன்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். காதர் பையைக் கழற்றித் தண்ணீரில் போட்டு அதன்மேல் குப்புறப் படுத்திருந்தான். உள்ளே பலகையும் கம்பளியும், வாய் இறுக மூடிய தோலும். அது அவனை மேலே வைத்திருந்தது. ஆறு பொருளும் ஒரு பையும் சேர்ந்து காதரைப் பிழைக்க வைத்தன. கையை அண்ணா பக்கம் நீட்டியபடியே கிடந்தான். எட்டவில்லை. அவனைத்தான் முதலில் இழுத்தார்கள். பதினேழாவது கட்டத்தில் அதற்குள் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. மறுநாள் வாஷி பக்கம் அண்ணா கிடைத்தான்.

காரியமெல்லாம் முடிந்து காதர் வந்தான். மாடி ஏறவில்லை, கீழ்ப்படியிலேயே நின்றான். அம்மா இறங்கிப் போனாள். பின்னாலேயே நானும் போனேன். அம்மா அழவில்லை. ரொம்ப நிதானமாகக் கேட்டாள். "ஏண்டாப்பா காதர், ஊர்ப்பட்ட சாமானை எடுத்துண்டு போனியே, ஒரு கயிறு கொண்டுபோகத் தோணலையாடா உனக்கு?"

காதர் என்னைப் பார்த்தான். ஒரு நொடிதான். நான் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்லம்மா. தோணல" என்றான் காதர்.

அதற்குப் பிறகு அம்மா இருபது வருஷம் இருந்தாள். கொடியில் துணி காயும்போதெல்லாம், "ஒரு கயிறு கொண்டுபோகத் தோணலை பாரு அந்தப் பிள்ளைக்கு" என்பாள். நான் துணியை மடிப்பேன். ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்வேன். அம்மா போய்ச் சேரும்வரை காதர்தான் மறந்தவன். அவனைத் தேடி ஒருமுறை தாராவிக்குப் போனேன். பட்டறை இருந்த இடத்தில் வேறு யாரோ பெல்ட் தைத்துக்கொண்டிருந்தார்கள். துபாய் என்றார்கள், மெட்ராஸ் என்றார்கள். செல்வராஜும் ஊரோடு போய்விட்டான் என்று கேள்வி.

போன வருஷம் ஒரு கிருகப்பிரவேசத்துக்குத் தேவ்நார் பக்கம் போக வேண்டி வந்தது. கழிமுகத்தின் ஓரம் முழுக்கத் தூர்த்து, இருபது மாடிக் கட்டடங்கள். சேறும் இல்லை, படகும் இல்லை, மீன்காரர்களும் இல்லை. எங்கள் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டி மட்டும் துருப்பிடித்து நின்றது. சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, அதை அடையாளம் வைத்துக்கொண்டு கரை இருந்த இடத்தைப் பிடித்தேன். அங்கிருந்து ஒரே சீராகச் சிமென்ட் தரை, அதில் வெள்ளைக் கோடு போட்டுக் கார் நிறுத்தக் கட்டங்கள். என் ட்ரேசிங் தாள் மாதிரியே இருந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடி அளந்து நடந்தேன். பதினேழாவது கட்டத்தில், அண்ணா இடுப்புவரை இறங்கின இடத்தில் ஒரு தூண். காதர் கிடந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்கூட்டர். இரண்டுக்கும் நடுவே முப்பது அடி. மூன்று கார்கள் நின்றன. கயிறு நாற்பது அடி. அது மட்டும் காதரின் பையில் இருந்திருந்தால், பத்து அடி மிஞ்சியே இருந்திருக்கும்.

"அம்மா, காதர் கயிறு கொண்டுவந்தாம்மா. நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். வாட்ச்மேன் ஓடிவந்து, எந்த வண்டியைத் தேடுகிறீர்கள் என்று கேட்டான்.